இரண்டாம் சரணத்துச் சிரிப்பு

கோபத்தோடு போட்ட காபியில் சர்க்கரை விழாது. அன்று காலை மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் அந்தக் கஷாயத்தை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "நல்லா இருக்கு" என்றார். அவர் மனைவி பாட்டுக்காரம்மாவுக்கு எரிச்சல் இன்னும் ஒரு படி ஏறியது.

காரணம் இல்லாமல் இல்லை. முந்தின மாலை நகர மண்டபத்தில், தன் நாற்பது ஆண்டுப் பாட்டு வாழ்வைக் கொண்டாடும் இரண்டு நாள் நிகழ்ச்சியின் முதல் நாளில், அவள் ஒரு காரியம் செய்தாள். எல்லோரையும் அழ வைக்கும் அந்தக் 'கதவு' பாட்டின் கடைசி வரியை மாற்றிப் பாடினாள். 'கதவை நான் சாத்தவில்லை, காலடி ஓசை கேட்கவில்லை' என்பதுதான் வரி. அதை 'காலடி ஓசை கேட்டுவிட்டேன்' என்று பாடிவிட்டு, மூன்றாம் வரிசையில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்த கணவரைப் பார்த்தாள். இரண்டு கண்ணிலும் புரை எடுத்துப் பல வாரம் வீட்டிலேயே முடங்கிக் கிடந்த மனிதர், அன்றுதான் மறுபடி கச்சேரிக்கு வந்திருந்தார். அவர் வந்ததற்கு அவள் கொடுத்த பரிசு அந்த வரி.

அவரோ எப்போதும் போலக் கை தட்டினார். வீட்டுக்கு வந்து எப்போதும் போலத் தூங்கினார்.

ஒரு வரிக்கு இத்தனை கோபமா என்று கேட்பவர்களுக்கு அவளைத் தெரியாது. 'கைக்குட்டைப் பாடகி' என்று ஊர் அவளுக்குப் பட்டம் வைத்திருந்தது. அவள் கச்சேரிக்கு வரும் பெண்கள் கைக்குட்டை எடுத்துக்கொண்டுதான் வருவார்கள். பாட்டை ஒரு எழுத்து மாற்ற மாட்டாள். மூச்சு வாங்கும் இடம்கூட மாறாது. "உங்கக்கா பாடுறதை வச்சு கடிகாரத்தைத் திருப்பி வைக்கலாம்" என்று வாத்தியக்காரர்கள் அவள் தம்பியிடம் கேலி பேசுவார்கள். அப்படிப்பட்டவள், வாழ்நாளில் முதல் முறையாக, ஒருவருக்காக மாற்றினாள்.

"நேத்து பாட்டு எப்படி இருந்துச்சு?" என்றாள், பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்து.

"எப்பவும் போலத்தான். பிரமாதம்."

"எப்பவும் போலவா?"

"ஆமா. அதானே உன் பெருமையே."

"கடைசி வரியை எப்படிப் பாடினேன்? பாடிக் காட்டுங்க பார்ப்போம்."

கணவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அவர் குரலைக் கேட்டால் பக்கத்து வீட்டுப் பூனை வேறு தெருவுக்குக் குடிபோகும். அந்தக் குரலில் பாடினார்: "கதவை நான் சாத்தவில்லை, காலடி ஓசை கேட்கவில்லை..."

"கண்ணுக்குத்தானே ஆபரேஷன் பண்ணாங்க? காதையும் சேர்த்து எடுத்துட்டாங்களா?"

"காதுக்கு என்ன கேடு? நீ சிரிச்சதுகூடக் கேட்டுச்சே."

"என்ன சிரிப்பு?"

"சும்மா நடிக்காதே." அவர் முகம் புது மாப்பிள்ளை முகம் போல ஆகிவிட்டது. "ரெண்டாம் சரணத்துல, 'தனியே நின்றேன்'னு சொல்லிட்டு, மூக்கால ஒரு சிரிப்பு சிரிப்பியே, அது. என் நாற்காலி உடைஞ்ச இடம்."

பாட்டுக்காரம்மா கையில் துணியோடு அப்படியே நின்றாள்.

நாற்காலி உடைந்தது நடந்த கதைதான். பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு திறந்தவெளிக் கச்சேரி. இதே பாட்டு, இரண்டாம் சரணம். முன் வரிசையில் இவர் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியின் கால் ஒடிந்து, மனிதர் அப்படியே மல்லாந்து போனார். மேலே தெரிந்தது அவருடைய இரண்டு செருப்பு மட்டும். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அழுகைப் பாட்டின் நடுவில் குபுக்கென்று சிரித்து, அதே மூச்சில் சமாளித்துப் பாடி முடித்தாள்.

அந்த ஒரு நாள்தான் சிரித்தாள். அதற்கப்புறம் சிரித்ததே இல்லை.

"நாலஞ்சு வருஷமா கவனிக்கிறேன்" என்று கணவர் சொல்லிக்கொண்டே போனார். "ஒவ்வொரு கச்சேரியிலயும் அந்த இடத்துல நீ சிரிக்கிறே. ஆயிரம் பேர் நடுவுல எனக்குன்னு ஒரு சிரிப்பு. சொன்னா நீ வெக்கப்பட்டு நிறுத்திடுவேன்னுதான் இத்தனை நாள் வாயைத் திறக்கலை. ஆஸ்பத்திரியில கண்ணைக் கட்டிப் போட்டிருந்தப்போ அதைத்தான் நினைச்சுக்கிட்டுக் கிடந்தேன், தெரியுமா?"

அவள் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள். கோபம் போன இடம் தெரியவில்லை.

மாற்றிய வரி அவருக்குக் கேட்கவில்லை. சிரிக்காத சிரிப்பு கேட்டிருக்கிறது. அப்படியானால் மண்டபத்தில் பாடியது யார்?

"என்னாச்சு, முகம் இப்படிப் போச்சு?"

"ஒண்ணுமில்லை. வெயில்" என்றாள். ஜன்னல் திரை இன்னும் விலக்கப்படவே இல்லை.

"நான் கடைக்குக் கிளம்புறேன். டாக்டர் அளவு எழுதிக் கொடுத்துட்டார். எனக்கான கண்ணாடியை நானே மாட்டப் போறேன். நேத்தெல்லாம் அந்தக் கறுப்புக் கண்ணாடியில நீ ஒரு புடவைக் கலராத்தான் தெரிஞ்சே. இன்னிக்குத்தான் உன் முகத்தை ஒழுங்கா பார்க்கப் போறேன்."

ஊரார் கண்ணுக்கெல்லாம் அளவு பார்த்தவர், தன் கண் மங்கியதை மட்டும் வருஷக்கணக்காக 'பல்பு சரியில்லை' என்று சொல்லிச் சமாளித்தவர். சட்டையை மாட்டிக்கொண்டு சிறுபிள்ளை போலக் கிளம்பிப் போனார்.

*

மதியம் மண்டபத்தில் வயர்கள் தரை முழுக்கப் பாம்பாகப் பின்னிக் கிடந்தன. அன்றைய நிகழ்ச்சியைத் தொலைக்காட்சிக்காரர்கள் படம்பிடிக்கப் போகிறார்கள் என்பதால் மேடையில் விளக்கு வேறு கூடுதல். மண்டபத்தின் பின்கோடியில், கச்சேரிச் சத்தத்தை ஏற்றி இறக்கும் ஒலிப்பலகைக்கு முன்னால் அவள் மகன் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் கையில் தேநீரோடு தம்பி. நாற்பது வருஷமாக அக்காவுக்குக் கீபோர்டு வாசிக்கிறவன், தாயில்லாத பிள்ளையாக அவள் இடுப்பிலேயே வளர்ந்தவன்.

பாட்டுக்காரம்மா சுற்றி வளைக்கவில்லை. மகனுக்கு எதிரே போய் நின்றாள்.

"நேத்து கடைசி வரியில நான் என்னடா பாடினேன்?"

மகன் தம்பியைப் பார்த்தான். தம்பி தேநீரைப் பார்த்தான்.

"மாமாவைப் பார்க்காதே. என்னைப் பார்த்துச் சொல்லு."

"கேட்டுவிட்டேன்னு பாடினே" என்றான் மகன். "ஹெட்ஃபோன்ல கேட்டேம்மா."

"அப்போ உனக்கு மட்டும்தான் கேட்டிருக்கு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? புருஷனுக்கென்று பாடியது பிள்ளை காதோடு நின்றுவிட்டது. வேலியே பயிரை மேய்ந்த கதை என்று ஊரில் ஆயிரம் பேருக்கு அவளே ஆறுதல் சொல்லியிருக்கிறாள். தன் வீட்டு வேலி எது, பயிர் எது என்று இத்தனை நாள் தெரியாமல் இருந்திருக்கிறாள்.

"எப்பலேர்ந்து?"

தம்பிதான் பேசினான். "அக்கா, உட்காரு முதல்ல. நாலு வருஷம் முன்னாடி அந்தத் துறைமுகத்துக் கச்சேரி ஞாபகம் இருக்கா? மேல் ஸ்தாயியில உன் குரல் உடைஞ்சு போச்சு. உனக்கே தெரியலை. ஜனங்க ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. எனக்கு உசிரே போயிடுச்சு. அடுத்த கச்சேரியில அந்த ஒரு இடத்துக்கு மட்டும் பழைய பதிவைப் போட்டோம். யாருக்கும் வித்தியாசமே தெரியலை. நீதான் அச்சடிச்ச மாதிரி பாடுவியே."

"ஒரு இடத்துக்கு மட்டும்."

"அப்புறம் அந்தப் பாட்டு. அப்புறம்... மெதுவான பாட்டெல்லாம்."

"வேகமான பாட்டெல்லாம் நீதாம்மா" என்று மகன் அவசரமாகச் சொன்னான். "நடுவுல பேசறதும் நீதான்."

"ரொம்ப நன்றிடா கண்ணா."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துத் தம்பி தேநீரைக் கீழே வைத்தான்.

அப்போதுதான் அவளுக்கு அந்தக் காதொலிப்பான் நினைவுக்கு வந்தது. பிறந்தநாள் பரிசு என்று மகன் கொடுத்தது. அவளை உட்கார வைத்துக் காதுக்குள் மெழுகு மாதிரி ஏதோ ஊற்றி, அச்சு எடுத்து, அவள் காதுக்கென்றே செய்தது. மேடையில் அதைப் போட்டுக்கொண்டால் வெளிச்சத்தம் ஒரு பொட்டுக்கூடக் கேட்காது. உள்ளே அவள் குரல் மட்டும், தேன் தடவியது போல.

"காதுக்குள்ள கேட்டது என் குரல்தானே?"

"உன் குரல்தாம்மா. கொஞ்சம் சீராக்கித் தருவேன்."

"கைதட்டல்?"

"அது நிஜம். மைக் வச்சு உனக்கு அனுப்புவேன்."

'மேடை ஏறினா குரல் தானா வந்துடும்' என்று எத்தனை பேட்டியில் சொல்லியிருக்கிறாள்! வீட்டில் சாதகம் செய்யும்போது தொண்டை கட்டுவதும், மேடையில் கணீரென்று கேட்பதும் எப்படி என்று வியந்து, கடவுளுக்கு நன்றி வேறு சொல்லியிருக்கிறாள். கடவுள் பின்கோடியில் உட்கார்ந்து பொத்தானை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஏமாத்தறவங்களைக் காது குத்தறாங்கன்னு சொல்வாங்க. நீ ஒரு படி மேல போயிட்டே. காதுக்கு அச்சே எடுத்துட்டே."

"அம்மா..."

"இன்னும் யாருக்குத் தெரியும்?"

அவள் மேடையைத் திரும்பிப் பார்த்தாள். தோல் வாத்தியக்காரர் திருகாணியை முடுக்குவதில் மும்முரமானார். புல்லாங்குழல்காரர் முதுகைக் காட்டினார். இருபது வருஷமாக அவளுக்குப் பின்னால் நின்று கோரஸ் பாடும் பெண், எப்போதும் வாயில் ஏலக்காய் அடக்கிக்கொண்டிருப்பவள், சட்டென்று குனிந்து இல்லாத எதையோ தரையில் தேடினாள்.

எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. நாலு வருஷமாக இவர்கள் காட்டிய பணிவையெல்லாம் மரியாதை என்று நினைத்துப் பூரித்துப்போனாளே! அது பரிதாபம். அவமானத்தில் அவளுக்குக் காது மடல்கள் எரிந்தன.

"அந்தச் சிரிப்பை ஏண்டா வெட்டலை?" என்றாள் திடீரென்று.

மகன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "நாற்காலி உடைஞ்ச அன்னிக்கு எடுத்த பதிவுதான் இருக்கறதுலயே நல்ல பதிவு. முதல் தடவை போட்டப்போ வெட்டணும்னுதான் நினைச்சேன். ஆனா அப்பா முகத்தைப் பார்த்தேன். அந்த இடத்துல... அப்பா அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததே இல்லைம்மா. அதான் விட்டுட்டேன்."

இதுதான் அவளை நிலைகுலைய வைத்தது. திருடன் முழுக்கத் திருடனாக இருந்தால் வைது தீர்த்துவிடலாம். வீட்டு விஷயத்தை வெளியில் இழுத்துவிட்டால் முதலில் பறிபோவது தன் பெயர் அல்ல, அந்த மனிதரின் சிரிப்பு. கண்ணைக் கட்டிப் போட்ட நாளில் அவர் பிடித்துக்கொண்டு கிடந்த ஒரே சிரிப்பு.

அவள் ஒலிப்பலகைமேல் கையை ஊன்றினாள். பிறகு சொன்னாள்:

"இன்னிக்கு என் தொண்டையில என்ன வருதோ அதுதான் வெளியே போகணும்."

"அக்கா, இன்னிக்கு வேண்டாம். டிவிக்காரங்க படம் எடுக்கறாங்க. குரல் உடைஞ்சா நாற்பது வருஷமும் அந்த ஒரு நிமிஷத்துல போயிடும். உன் மானத்தைக் காப்பாத்தத்தானே..."

"என் மானத்தை என்கிட்டேயிருந்து காப்பாத்தினியாடா? உடைஞ்சா உடையட்டும். சுதியைக் குறைச்சு வாசி. ரெண்டாம் சரணத்துல நானே சிரிப்பேன். நிஜமா சிரிப்பேன். அந்த மனுஷனுக்கு நான் கடன்பட்டிருக்கேன்."

மகன் எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "மைக்கைத் திறந்து வைக்கிறேம்மா. உன்மேல சத்தியம்."

பெற்ற வயிறு அல்லவா, நம்பிவிட்டது. பட்ட காயத்தில் ரத்தம் நிற்பதற்குள் அதே கையிடம் கட்டுப் போடச் சொல்கிற ஜாதி அம்மா என்பது.

*

மாலை மண்டபம் நிரம்பி வழிந்தது. முதல் பகுதியில் வேகமான பாட்டுகள், பேச்சு, சிரிப்பு. எல்லாம் அவளே. மூன்றாம் வரிசையில் கணவர் புதுக் கண்ணாடியோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கண்ணாடியின் மெல்லிய சட்டம் விளக்கில் பளிச்சிட்டது. அவர் மேடையையே வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். தன் நெற்றிப்பொட்டு கோணலாக இருப்பது இங்கிருந்தே அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்து அவளுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டாள்.

கடைசியில் 'கதவு' பாட்டு. மண்டபம் முழுக்கக் கைப்பைகள் திறக்கும் சத்தம். கைக்குட்டைகள் வெளியே வந்தன.

தம்பி கீபோர்டில் ஆரம்ப இசையை எடுத்தான். பழைய சுதியிலேயே எடுத்தான். அவள் திரும்பி முறைத்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான். பழக்கதோஷம் என்று மனதைச் சமாதானம் செய்துகொண்டாள்.

முதல் சரணம் பாடினாள். காதுக்குள் குரல் நன்றாகத்தான் கேட்டது. ரொம்ப நன்றாகக் கேட்டது. மேலே ஏறும் இடத்தில் தொண்டை இழுத்துப் பிடிப்பது உடம்புக்குத் தெரிந்தது. காதுக்குத் தெரியவில்லை.

'உன்மேல சத்தியம்' என்றானே!

இரண்டாம் சரணத்துக்கு முன்னால் ஒரு இடையிசை வரும். அப்போது முடியை ஒதுக்குவது போலக் கையைக் கொண்டுபோய், இரண்டு காதிலிருந்தும் அதைப் பிடுங்கித் தோளில் தொங்கவிட்டாள். நாலு வருஷத்துக்கப்புறம் மண்டபம் அவள் காதில் விழுந்தது. யாரோ இருமினார்கள். ஒரு குழந்தை சிணுங்கியது. மின்விசிறிகள் கடகடத்தன. எத்தனை சத்தம், எவ்வளவு பக்கத்தில்!

பாட ஆரம்பித்தாள். கூரையிலிருந்து வந்ததும் அவள் குரல்தான்; இன்றையதா பழையதா என்று அவளாலேயே பிரிக்க முடியவில்லை. 'தனியே நின்றேன்' என்ற இடத்துக்கு வந்தாள். கணவரைப் பார்த்தாள். அவர் உடம்பை முன்னால் சாய்த்து, காத்திருக்கும் முகத்தோடு இருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குச் சிரிப்பு நிஜமாகவே நெஞ்சுக்குள் கிளம்பியது. மேலே செருப்பு இரண்டும் தெரிய அவர் மல்லாந்து கிடந்த காட்சி கண்முன் வந்தது. உதடு விரியப் போனது.

அதற்குள் மண்டபம் முழுக்கச் சிரிப்பு கேட்டுவிட்டது.

மூக்கால், குபுக்கென்று, இளமையாக. கூரையிலிருந்தும் சுவர்களிலிருந்தும் அவளுடைய பழைய சிரிப்பு இறங்கி வந்தது. சபை சுகமாகச் சலசலத்தது.

அவள் சிரிப்பு நெஞ்சிலேயே செத்துப்போனது. ஒரே நாளில் இரண்டாவது அடி. முதல் அடி தெரியாமல் பட்டது. இது சத்தியம் வாங்கிக்கொண்டு பட்டது. ஆனாலும் நாற்பது வருஷப் பழக்கம், வாய் நிற்கவில்லை. செத்த மைக்கைப் பிடித்துக்கொண்டு அடுத்த வரியை அசைத்துக்கொண்டே இருந்தது.

மண்டபத்தில் ஒருவருக்கும் எதுவும் தெரியவில்லை. எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரைத் தவிர.

மூன்றாம் வரிசையில் அவர் முகத்திலிருந்த சந்தோஷம் அப்படியே நின்றது. சிரிப்பு கேட்டது. மனைவி சிரிக்கவில்லை. பளிங்கு போலத் தெரிந்தது அவருக்கு. அவள் முகத்தை ஒரு முறை பார்த்தார். கூரையில் தொங்கிய ஒலிபெருக்கியைப் பார்த்தார். மறுபடி அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு அன்று காலை தன் கையாலேயே மாட்டிய புதுக் கண்ணாடியைக் கழற்றி, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அதைப் பார்த்தபோது பாட்டுக்காரம்மாவின் வாய் நின்றது.

பின்கோடியில் மகன் எழுந்து நின்றுவிட்டான். வேண்டாம் என்று கையை ஆட்டினான். தம்பி கீபோர்டிலிருந்து தலையைத் தூக்காமல், "அக்கா, பாடு... பாடு..." என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். மேலே அவளுடைய குரல் அவள் இல்லாமலே கடைசி வரியை நோக்கி ஜோராகப் போய்க்கொண்டிருந்தது.

அவள் கையிலிருந்த மைக்கைத் தரையில் வைத்தாள். திரும்பினாள். கோரஸ் பெண்ணுக்கு முன்னால் ஒரு மைக் நின்றுகொண்டிருந்தது. அந்த மைக்கை யாரும் மூடுவதில்லை. கோரஸ்காரர்கள் நிஜமாகப் பாட வேண்டுமே!

நாலே எட்டில் அங்கே போனாள். கோரஸ் பெண் அவள் முகத்தைப் பார்த்தாள். இந்த முறை கண்ணைத் தாழ்த்தவில்லை. வாயிலிருந்த ஏலக்காயை விழுங்கிவிட்டு, ஒரு அடி தள்ளி நின்று இடம் விட்டாள்.

'காலடி ஓசை கேட்கவில்லை' என்று ஒலிபெருக்கியில் அந்தப் பழைய குரல் வெண்ணெயாக உருகியது. அதற்கு மேலேயே, கம்மலாக, அறுபது தாண்டிய தொண்டையிலிருந்து, ஊர் இதுவரை கேட்டிராத குரல் ஒன்று மண்டபம் முழுக்கக் கேட்டது.

"என்னங்க... அது நான் இல்லைங்க."